அவையும் கேள்வியும்: பல்கலைக்கழக அரசியல் மேடைகளும் தங்கவயல் மன்றங்களும்

திருக்குறளின் பொருட்பாலில் முதல் 25 அதிகாரங்களைப் பரிமேலழகர் ‘அரசியல்’ என்னும் தலைப்பில் அடக்கினார். இன்று பல்கலைக்கழகங்களில் ஒரு துறைக்குப் பெயராக வழங்கும் சொல்லும் அதுவே. அவ்வரசியல் பகுதியில் இறைமாட்சியை அடுத்துக் கல்வி, கல்லாமை, கேள்வி என மூன்று அதிகாரங்கள் தொடர்ந்து நிற்கின்றன. ஏட்டுக் கல்வி வாய்க்கப் பெறாதவனும் கேள்வியால் அறிவு பெறலாம் என்பது வள்ளுவர் நெஞ்சம். அதனாற்போலும், கல்லாமையைச் சொன்ன உடனே கேள்வியைச் சொன்னார்.

தமிழில் ‘கேள்வி’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பிறர் சொல்வதைச் செவியால் ஏற்பதும் கேள்வி. ஐயம் எழுந்தபோது எழுந்து நின்று வினவுவதும் கேள்வி. இவ்விரண்டும் ஓரிடத்தில் நிகழும்போதுதான் கூட்டம் என்பது அவை ஆகிறது. மணிமேகலைக் காப்பியத்தில் இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன், வாதத்தில் வல்லவர்களைப் பட்டிமண்டபம் ஏறுமாறு அழைக்கின்றான். அதே காப்பியத்தில் மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயத்தாரிடமும் சென்று அவரவர் கொள்கைகளைக் கேட்டறிகின்றாள். ஊரறியக் கூடிக் கருத்துகளைக் கேட்பதும் வினவுவதும் தமிழர்க்குப் புதியன அல்ல.

இக்கட்டுரை பல்கலைக்கழகங்களின் அரசியல் துறைகளும் அவை போன்ற பிறவும் பொதுமக்களுக்காக நடத்திய சொற்பொழிவுகளின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, அவ்வரலாற்றில் நம் கோலார் தங்கவயலுக்கு உரிய இடம் யாது என ஆராய முற்படுகின்றது.

பல்கலைக்கழக மேடை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. தொடக்கத்தில் அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிறுவனமாகவே இருந்தது. அரசியல் என்பது வரலாற்றுப் பாடத்தின் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. தனித்துறை தோன்றுமுன்பே அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் தோன்றிவிட்டன. நீதிபதியாக விளங்கியவரும் பின்னாளில் தன்னாட்சி இயக்கத்தில் ஈடுபட்டுத் தம் ‘சர்’ பட்டத்தைத் துறந்தவருமான மணி ஐயர் என்னும் எஸ். சுப்பிரமணிய ஐயர் பெயரால் அமைந்த சொற்பொழிவை 1914இல் கே. வி. ரங்கசாமி ஐயங்கார் நிகழ்த்தினார். பொருள், பண்டைய இந்திய அரசியல். ஆட்சி முறை என்பதே மேலைநாட்டார் கொண்டுவந்த சரக்கு என்று பலர் நம்பியிருந்த காலத்தில், இந்நாட்டிலும் அரசு பற்றிய சிந்தனை முறையாக வளர்ந்திருந்தது எனப் பல்கலைக்கழக மேடையில் எடுத்துரைத்தது சிறிய செய்தியன்று.

இத்தகைய ஆராய்ச்சிகள் நாளடைவில் மக்கள் மேடையை வந்தடைந்தன. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் முதற் பராந்தக சோழன் காலத்தவை. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. அவற்றிற் கண்ட குடவோலை முறையைப் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் வெளியிட்ட சோழர் வரலாறும் ஆட்சியும் பற்றிய தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். இன்று குடவோலையைக் குறிப்பிடாத தமிழ் மேடை உண்டோ? அறிஞர் அறையிற் பிறந்த ஒரு செய்தி, ஊர்ப் பொதுக்கூட்டத்தில் உரிமைக் குரலாக மாறிய வரலாறு அது.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சர் அசுதோஷ் முகர்ஜி தம் மகளின் நினைவாக நிறுவிய கமலா சொற்பொழிவுகளை 1926இல் ஆற்றியவர், தஞ்சை மாவட்டத்து வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். இந்தியக் குடிமகனின் உரிமைகளும் கடமைகளும் என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். அப்போது இந்தியர் ‘குடிமக்கள்’ அல்லர்; ஆங்கிலப் பேரரசின் ‘பிரஜைகள்’. அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வர இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன. குடியுரிமை இல்லாத நாட்டில் குடியுரிமை பற்றி ஒரு தமிழர் பல்கலைக்கழக மேடையில் பேசினார் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1930களில் சென்னைப் பல்கலைக்கழகம் அரசியலுக்கும் பொது நிருவாகத்திற்கும் தனித்துறை கண்டது. 1938இல் காசியில் இந்திய அரசியல் அறிவியற் கழகம் தோன்றியது. சென்னையில் அரசியல் கற்பித்து வந்த ஏ. அப்பாதுரை 1942இல் எழுதிய ‘அரசியலின் சாரம்’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பாடநூல், இந்தியா முழுவதும் பல தலைமுறை மாணவர் கையில் இருந்தது. அடியேனும் பி.ஏ. வகுப்பில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அட்டை கிழிந்த படி ஒன்றைக் கொண்டே பயின்றேன். அப்பெருமகனார் வகுப்பறையோடு நின்றாரல்லர். தில்லியில் இந்திய உலக விவகார மன்றத்தின் செயலாளராக இருந்து, 1947 மார்ச்சு, ஏப்பிரல் திங்கள்களில் பழைய கோட்டையில் நடைபெற்ற ஆசிய உறவுகள் மாநாட்டின் ஏற்பாடுகளில் பெரும்பங்கு கொண்டார். விடுதலைக்குச் சில திங்கள் முன்பே ஆசிய நாட்டினர் ஒன்றுகூடிப் பேசிய பேரவை அது. நிறைவு நாளில் காந்தியடிகளும் உரையாற்றினார்.

கதவு யாருக்குத் திறந்தது?

பெருமைக்குரிய இவ்வரலாற்றில் ஒரு குறையும் உண்டு. அழைப்பிதழில் ‘அனைவரும் வருக’ என்று அச்சிட்டிருப்பினும், வந்தவர் யாவர்? உரை ஆங்கிலத்தில். நேரம் மாலை, அலுவலகம் விட்டு வருவோர்க்கு ஏற்றது, ஆலைச் சங்கு ஒலித்த பின் வருவோர்க்கு ஏலாதது. மண்டபமோ கடற்கரையை ஒட்டிய பெருங்கட்டடம். காவலர் எவரும் தடுக்கவில்லையாயினும், வெறுங்காலோடு வந்தவனைப் படிக்கட்டே தடுத்துவிடும்.

நம் தங்கவயல் அமைந்திருந்த மைசூர்ச் சமஸ்தானத்தின் நிலையையும் நோக்குவோம். செங்கற்பட்டுப் பகுதியிலிருந்து சென்று மைசூரின் திவானான சி. வி. ரங்காச்சார்லு 1881 அக்டோபர் 7ஆம் நாள் தசரா விழாவை ஒட்டிப் பிரதிநிதிகள் சபையைக் கூட்டினார். வந்தோர் 144 பேர். சட்டம் இயற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. திவான் கூறும் அறிக்கையைக் கேட்கலாம், குறைகளை எடுத்துரைக்கலாம். அவ்வளவே எனினும் இந்தியச் சமஸ்தானங்களில் அது முதன்மையானது. நிலக்கிழாரும் வணிகருமே அங்கு அமர்ந்தனர். அவ்வாண்டுகளிலேதான் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார் வயலில் சுரங்கப் பணியைத் தொடங்கினர். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் வந்து தட்டி வீடுகளில் குடியேறினர். தங்கம் எடுத்த அவர்க்குச் சபையில் இடமில்லை.

1916இல் தோன்றிய மைசூர்ப் பல்கலைக்கழகம், 1930களில் பாராட்டத்தக்க ஒரு பணியைத் தொடங்கியது. ஆசிரியர்கள் சிற்றூர்களுக்கும் நகரங்களுக்கும் சென்று கன்னடத்திற் பொதுச் சொற்பொழிவு ஆற்றினர். அவ்வுரைகள் மலிவு விலைச் சிறு நூல்களாக வெளிவந்தன. ‘பிரசாராங்கம்’ என்னும் அமைப்பு அப்பணியை வளர்த்தது. பல்கலைக்கழகமே மக்களைத் தேடிச் செல்லுதல் என்னும் அந்நோக்கம் போற்றுதற்குரியது. ஆயினும் தங்கவயற் சுரங்கத் தொழிலாளர்க்கு அது எளிதில் எட்டவில்லை. சென்னையில் ஆங்கிலம், மைசூரில் கன்னடம், நம்மவர் அறிந்ததோ தமிழ். புலம்பெயர்ந்து வாழும் மக்களுக்கு நேரும் இயல்பான இடர் இது. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. அடுத்து வரும் செய்தி விளங்குதற்காகச் சொல்கின்றேன்.

கடல் கடந்த சுரங்கத் தொழிலாளர்

பல்கலைக்கழகம் மக்களைத் தேடிச் செல்லும் இயக்கம் இங்கிலாந்தில் 1873இல் முறையாகத் தொடங்கிற்று. கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அதன் தந்தை. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் அவர் ராச்டேல் என்னும் ஊரில், கூட்டுறவு இயக்க முன்னோடிகளான தொழிலாளரின் மண்டபத்தில் வானியல் பற்றிப் பேசிவந்தார். ஒருநாள் அவசரமாகப் புறப்பட வேண்டியிருந்ததால், சுவரில் மாட்டிய படங்களைக் கழற்றாமல் அப்படியே விட்டுச் சென்றார். மறுவாரம் வந்தபோது மண்டபக் காப்பாளர், படங்களை விட்டுச் சென்றது மிகவும் நல்லதாயிற்று என்றார். தொழிலாளர்கள் படங்களைப் பார்த்து விவாதித்துக் கேள்விகளோடு காத்திருந்தனர். உரைக்கு அரைமணி முன்னதாக இருபது முப்பது பேர் கூடினர். அந்த அரைமணி மிகப் பயன்பட்டதைக் கண்ட ஸ்டூவர்ட், அன்று தொட்டு அதனை வழக்கமாக்கிக் கொண்டார். ஆக, சொற்பொழிவோடு கேள்வி நேரம் இணைந்ததற்குத் தொழிலாளரின் ஆர்வமும் ஒரு காரணம்.

1880களில் நார்தம்பர்லாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் அரசியற் பொருளாதாரம் முதலிய பாடங்களைக் கேட்கத் திரண்டனர். ஐந்து மைல் தொலைவிலிருந்து இரயிலில் வந்த சகோதரர் இருவர், திரும்ப வண்டி இல்லாமையால் மழையிலும் சேற்றிலும் நடந்தே வீடு சேர்ந்தனர் எனக் குறிப்பு உள்ளது. 1887இல் நேர்ந்த நீண்ட வேலைநிறுத்தத்தால் கூலி நின்றது; சொற்பொழிவுக்குக் கட்டணம் செலுத்த வகையின்றி வகுப்புகளும் நின்றன. சுரங்கத்தின் வாழ்வோடு சொற்பொழிவின் வாழ்வும் பின்னிக் கிடந்ததை இது காட்டுகின்றது. இதனை நாம் மறத்தலாகாது.

1908இல் ஆர். எச். டானி என்னும் பொருளியல் வரலாற்றறிஞர் ராச்டேலிலும் லாங்டனிலும் தொழிலாளர் வகுப்புகளைத் தொடங்கினார். இரண்டு மணி நேர வகுப்பில் ஒரு மணி நேரம் உரை; மறு மணி நேரம் விவாதம். இதுவே விதி. 1912இல் வெளிவந்த தம் ஆராய்ச்சி நூலின் முன்னுரையில் அவர், நூல்களில் எளிதிற் கற்கவியலாத அரசியற் பொருளாதாரச் செய்திகளைத் தமக்குக் கற்பித்தவர்கள் நெசவாளரும் குயவரும் சுரங்கத் தொழிலாளரும் பொறித் தொழிலாளருமே என நன்றி பாராட்டியுள்ளார். ஆசிரியர் மாணவர்க்கு நன்றி கூறிய அம்முன்னுரை நம் உள்ளத்தைத் தொடுகின்றது.

தங்கவயலார் தாமே கண்ட மன்றம்

நார்தம்பர்லாந்துத் தொழிலாளரைத் தேடி ஒரு பல்கலைக்கழகம் சென்றது. நம் மாரிகுப்பத்தைத் தேடி எவரும் வரவில்லை. ஆகவே நம் முன்னோர் தாமே மன்றம் கண்டனர்.

அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் கிழமை இதழைத் தொடங்கினார். ஓராண்டிற்குப் பின் அது ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கிற்று. இந்நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் பௌத்த சங்கங்கள் கிளைத்தன. எம். ஒய். முருகேசர் முதலிய பெரியோர் அவற்றை வளர்த்தனர். சென்னைக் கல்லூரிகளில் அறிவியல் கற்பித்த பேராசிரியர் பொ. லட்சுமி நரசு அவர்களும் இவ்வியக்கத்தின் தூணாக விளங்கினார்.

‘தமிழன்’ இதழில் வாசகர் ஐயங்களை எழுதி அனுப்பினர், பண்டிதர் விடையிறுத்தார். அக்கடிதங்களுள் தங்கவயலிலிருந்து சென்றனவும் உண்டு. சாதி எங்ஙனம் தோன்றிற்று, சுதேசியம் பேசுவோர் எம்மைச் சேர்ப்பரோ, ஆட்சியில் எமக்குப் பங்கு உண்டோ என்பன போன்ற பொருள்கள் அவ்விதழில் வாரந்தோறும் அலசப்பட்டன. அரசியல் அறிவியல் என்று நாம் இன்று பெயரிட்டு அழைப்பது இதனினும் வேறு யாது? ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதார் சூழ்ந்திருந்து கேட்பது அந்நாளைய வழக்கம். வள்ளுவர் கூறிய கேள்வி அங்கு உயிர் பெற்றது.

பண்டிதர் 1914இல் மறைந்தார். 1926இல் ‘தமிழன்’ கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். சாம்பியன் ரீஃப்ஸில் அமைந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களையும் பிறவற்றையும் அச்சிட்டுப் பரப்பியது. அப்பாதுரையாரின் ‘புத்தர் அருளறம்’ 1950இல் அங்கிருந்தே வெளிவந்தது. முன்னர்க் கூறிய அப்பாதுரையையும் இவரையும் ஒருங்கே நினைக்கும்போது வியப்பு மேலிடுகின்றது. ஒரே பெயர், ஏறத்தாழ ஒரே காலம். ஒருவர் பல்கலைக்கழக மாணவர்க்கு அரசியல் கற்பித்தார். மற்றவர் சுரங்கத் தொழிலாளர்க்குக் கற்பித்தார். முன்னவர் நூல் என் பி.ஏ. பாடத்திட்டத்தில் இருந்தது. பின்னவர் பெயரை அப்பாடத்திட்டத்தில் நான் காணவில்லை. என் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் அச்சிடப்பட்ட நூல்களைப் பற்றி நான் அறிந்தது பட்டம் பெற்ற பின்னரே.

மன்றத்திற் பழகிய நா சுரங்க வாயிலிலும் பேசிற்று. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மனிதரைக் குற்றவாளிகள்போல் நடத்துதல் தகுமோ என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. 1946 நவம்பர் 4ஆம் நாள் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர் உயிர் நீத்தனர். கேள்வி கேட்டற்கு அவர்கள் கொடுத்த விலை அது. சங்கம் அமைக்கும் உரிமை, பேச்சுரிமை என நாம் பாடநூலிற் பத்தி பத்தியாகப் படித்தவை, இவ்வூரில் நினைவுச் சின்னமாக நிற்கின்றன.

நான் கேளாத கேள்வி

ஈண்டு என் அனுபவம் ஒன்றைக் கூற அன்பர்கள் இசைவு தர வேண்டுகிறேன்.

என் பாட்டனார் குடியாத்தத்திலிருந்து வந்தவர். தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அடித்தளத் தொழிலாளி. அச்சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமுடையது. உலகின் ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கிற்று. 2000ஆம் ஆண்டில் நான் பி.ஏ. இறுதி வகுப்பில் பயின்றேன். சுரங்கம் மூடப்படும் என்னும் பேச்சு ஒவ்வொரு லைனிலும் அடிபட்ட காலம் அது. அவ்வேளையில் பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் அரசியல் துறையில், அரசும் பொதுத்துறை நிறுவனங்களும் என்னும் பொருள்பற்றிப் பொதுச் சொற்பொழிவு நடைபெறும் என்னும் அறிவிப்பை எங்கள் ஆசிரியர் வகுப்பிற் படித்தார். தந்தையார் இரயில் செலவுக்குப் பணம் தந்தார். விடியற்கால வண்டியில் நான் மட்டும் சென்றேன்.

பேச்சாளர் நல்லறிஞர். பொதுத்துறை நட்டம், அரசின் சுமை, உலகமயம் ஆகியவற்றைத் தெளிவாக விளக்கினார். இறுதியில், “கேள்வி உண்டானால் கேட்கலாம்” என்று அவையை நோக்கிக் கூறினார். என் நெஞ்சில் ஒரு கேள்வி இருந்தது. மூன்று தலைமுறை தன் மூச்சுக் குழலில் கல்தூசியை ஏற்றுக்கொண்டு வேலை செய்த ஊரை, கணக்கேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவது? வரவிலா, செலவிலா? தமிழில் அக்கேள்வி நாவின் நுனியில் நின்றது. ஆங்கிலத்தில் அதனைக் கோத்துப் பார்த்தேன், வாக்கியம் நிறைவுறவில்லை. சுற்றிலும் முழுக்கைச் சட்டையும் தடித்த குறிப்பேடுமாக அமர்ந்திருந்தனர். நான் எழவில்லை. வேறு இருவர் கேட்டனர், நன்றியுரை தொடங்கிற்று.

இரவு வீடு திரும்பியதும் தந்தையார் முதலில் கேட்டது இதுதான்: “அவரு சொன்னது இருக்கட்டும்பா. நீ என்ன கேட்ட?” நான் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அவர் சினக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, “கேட்டிருக்கலாம்” என்றார். அவ்வளவே. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. தந்தையார் இன்று இல்லை. அரசு அலுவலில் எத்தனையோ கோப்புகளுக்குக் குறிப்பு எழுதியுள்ளேன். அன்று கேளாத கேள்விக்கு மட்டும் எங்கும் குறிப்பு எழுத இயலவில்லை. ‘அவை அஞ்சாமை’ அதிகாரத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன் நான் என்பதையும் ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன்.

என் கேள்வி அப்பேச்சாளரின் கருத்தை மாற்றியிராது; சுரங்கத்தைத் திறந்து வைத்திராது. ஆயினும் அவ்வவையில் தங்கவயல் என்னும் சொல் ஒருமுறையேனும் ஒலித்திருக்கும்.

எதிர் திசையில் ஓடிய ஆறு

சுரங்கம் மூடப்படுதற்குச் சற்று முன், 1999இல், மற்றொரு நிகழ்ச்சி நேர்ந்தது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்னும் பெருந்தொகுப்பை வெளியிட்டது. அதற்கு முந்திய ஆண்டில், தமிழரிடையே தோன்றிய பௌத்த இயக்கம் பற்றிய அவருடைய ஆங்கில ஆராய்ச்சி நூல் வெளிவந்திருந்தது. அதன்பின் அயோத்திதாசர் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளின் பொருளானார். அரசியல், வரலாறு, தமிழ் ஆகிய துறைகளில் ஆய்வேடுகள் எழுந்தன.

அத்தொகுப்புக்கு வேண்டிய பழைய இதழ்களும் நூல்களும் இத்தனை ஆண்டுகள் அழியாமல் இருந்தமைக்கு யார் காரணம்? பெரும் நூலகங்கள் பலவும் பொருட்படுத்தாதவற்றை அச்சிட்டும் மறு அச்சிட்டும் பெட்டியில் வைத்தும் காத்தவர்களுள் தங்கவயல் தொழிலாளர் குடும்பங்கள் முன் நிற்கின்றன. உத்தரமேரூர்க் குடவோலை பல்கலைக்கழகத்திலிருந்து மேடைக்கு வந்தது. அயோத்திதாசரோ தொழிலாளர் மேடையிலிருந்து பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். டானி தம் முன்னுரையில் நெசவாளர்க்கும் சுரங்கத்தார்க்கும் கூறிய நன்றி, நம் ஊரார்க்கும் உரியதே.

அறிஞர் அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் பயின்றவர். முதலமைச்சராக இருந்த 1968இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவரைச் சப் நல்கையின்கீழ் அழைத்தது. அந்நல்கையின் முறை குறிப்பிடத்தக்கது. அழைக்கப்பெற்றவர் ஒரு சொற்பொழிவோடு விடைபெறுவதில்லை. சில நாள்கள் மாணவரோடு தங்கி உரையாடுவார். அவர்கள் கேட்பவற்றிற்கு விடை கூறுவார். நெசவாளர் நகரான காஞ்சியில் பிறந்து, தமிழ்ப் பொதுக்கூட்ட மேடையில் வளர்ந்த ஒருவர்க்கு அத்தகைய கேள்வி நேரம் புதிதாக இருந்திராது.

நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள்

சுரங்கம் மூடிய பின் இவ்வூர் இளைஞரிற் பலர் விடியலில் மாரிகுப்பம் வண்டியேறிப் பெங்களூர் சென்று இரவு திரும்புகின்றனர். அவர்கட்கு மாலைக் கூட்டம் என்பது எட்டாக் கனி. கூட்டம் குறைந்தது, மேடைகள் விழா மேடைகளாயின, விழா மேடைகளில் பொன்னாடைக்கு நேரம் உண்டு, கேள்விக்கு நேரம் இல்லை. இது பிற இடங்களிலும் உள்ளதே. பல்கலைக்கழகத் துறைகளின் பொதுச் சொற்பொழிவுகளிலும் வரவேற்புரை நீண்டு, கேள்வி நேரம் ஐந்து மணித்துளியாகச் சுருங்குவதைக் காண்கின்றோம்.

ஆகவே சங்கப் பெரியோர் முன் ஒரு கருத்தை வைக்க விழைகின்றேன். ஆண்டுக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், அரசியல் அறிவியல் ஆசிரியர் ஒருவரை அழைத்துச் சொற்பொழிவு ஒன்று நடத்துவோம். கோலார் மாவட்டக் கல்லூரிகளிலும் பெங்களூரிலும் தகுதியுடையோர் பலர் உளர். உரை தமிழிலோ கன்னடத்திலோ அமையட்டும்; மற்ற மொழியில் சுருக்கம் சொல்ல நம் பிள்ளைகள் இருக்கின்றனர். இரு மொழியும் தெரிந்து வளர்ந்தமை நம் தலைமுறைக்கு வாய்த்த பேறு. பொருள் நம்மைச் சார்ந்ததாக இருக்கட்டும்: ஊராட்சியின் அதிகாரம், மொழிச் சிறுபான்மையர் உரிமை, மூடிய சுரங்க நிலத்தின் எதிர்காலம், சயனைடு மண்மேடுகளால் வரும் கேடு. டானியின் விதியைக் கடைப்பிடித்து, ஒரு மணி நேரம் உரைக்கும் ஒரு மணி நேரம் கேள்விக்கும் ஒதுக்குவோம். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் செய்ததுபோல், உரைப்பொருளை ஒரு வாரம் முன்னரே சங்கப் பலகையில் எழுதி வைப்போம். எழுந்து பேசக் கூசுவோர், தாளில் எழுதித் தரட்டும். கேட்கப்பட்ட கேள்விகளையும் விடைகளையும் அடுத்த மலரில் அச்சிடுவோம். ‘தமிழன்’ இதழ் நமக்குக் காட்டிய வழி அது.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. மண்டபம் நம்முடையது, நாற்காலிகள் உள்ளன, தேநீருக்கு அன்பர் ஒருவர் முன்வருவார். முதற் கூட்டத்தில் முதற் கேள்வியை நான் எழுதித் தருகிறேன். இருபத்தைந்து ஆண்டுகளாக அது என்னிடம் உள்ளது. அன்றியும், அதனைக் கேட்க வேண்டியவர் என்னினும் இளையவராக, இவ்வூரில் வளரும் ஒரு மாணவராகவோ மாணவியாகவோ இருப்பின் மிக நன்று. அவர் வீடு திரும்பியதும், “நீ என்ன கேட்ட?” என்று வினவ ஒருவர் வாயிலிற் காத்திருப்பாராக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!